மிதவைத் தாவரங்களுக்கு ஒரு குளிர்கால இருப்பிடம்: அசோலா பெட் பற்றிய மதிப்பீடு

கால்நடைத் தீவனத்துக்கு அசோலா என்ற சிறு மிதவைப் பெரணியை வளர்ப்பவர்களுக்காகக் கொங்கு நாட்டு வேளாண் பொருட்கடைகளில் விற்கப்படும், ஹெச்.டி.பி.இ. எனும் அடர் பாலித்தீன் விரிப்பால் ஆன தொட்டி போன்ற அசோலா பெட், புழக்கடைக் குளத்தில் மிதவைத் தாவரம் வளர்ப்பவர்களுக்கு மார்கழியிலும் தையிலும் பெரிதும் உதவக்கூடிய பொருள் என்பது என் கருத்து. நான் பயன்படுத்துவது 12 அடி நீளமும் 4 அடி அகலமும் 1 அடி உயரமும் கொண்ட, 350 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 350 கிராம்) கனமுள்ள பெட். கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ஆகாயத்தாமரை (பிஸ்டியா), சால்வீனியா என்ற மற்றொரு மிதவைப் பெரணி, அசோலா ஆகியவற்றின் தாய்ச்செடிகளைக் கார்த்திகை இறுதியில் குளத்திலிருந்து எடுத்து இதில் விட்டு, மாசியில் மீண்டும் குளத்துக்கு மாற்றுகிறேன்.

குளிர்காலப் பாதுகாப்பு குறித்துப் பரவலாகக் கிடைக்கும் அறிவுரைகள், குளம் உறைந்துபோகும் நாடுகளுக்கு உரியவை. செடியை வீட்டுக்குள் கொண்டுபோய் விளக்கொளியில் வைக்கச் சொல்லும் அந்த முறைகள் கொங்குச் சமவெளிக்குத் தேவையில்லை. கோவையில் ஜனவரி மாதச் சராசரிக் குறைந்த வெப்பநிலை 18, 19 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட ஏறத்தாழப் பதினொன்றரை மணி நேரம் நீடிக்கிறது. ஆகாயத்தாமரை 22 முதல் 30 டிகிரி வரை செழித்து வளரும். 15 டிகிரிக்குக் கீழே நெடுநாள் தாங்காது. ஆகவே இங்குள்ள குளிர் செடியை நேரடியாகக் கொல்வதில்லை, அதன் வளர்ச்சியை மந்தமாக்குகிறது. ஆனால் குளத்திலுள்ள தங்கமீனும் கோய் மீனும் வேரைக் கொறிப்பதை நிறுத்துவதில்லை. கோடையில் மீன் தின்றதைவிட வேகமாகப் பெருகிய செடி, மார்கழியில் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாமல் நாளுக்கு நாள் சிறுத்துப்போகிறது. அதற்கு முன்பே ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பி வழியும்போது ஒரு பங்கு செடிகள் வடிகாலோடு போய்விடுகின்றன. எஞ்சியவற்றை வாடைக்காற்று ஒரு மூலையில் ஒதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி அழுகவைக்கிறது. மீனிலிருந்தும் காற்றிலிருந்தும் பிரித்து, வெயில் நன்றாகப் படும் இடத்தில் தனி நீரில் வைப்பதே இதற்கு வழி.

பெட்டின் அமைப்பில் முதலில் கவனிக்க வேண்டியவை மூலைகள். வெப்பத்தால் ஒட்டப்பட்ட மூலைகள் நீர் கசியாமல் நிற்கின்றன. தையல் போட்டு மடித்த மூலைகளில் ஊசித் துளைகளின் வழியே மெல்லிய கசிவு தொடங்கி, சில வாரங்களில் அடிமண்ணே சேறாகிவிடுகிறது. முதலில் ஒரு கடையில் எனக்குத் தரப்பட்டது தையல் மூலை கொண்ட பெட். விற்பனையாளரிடம் கேட்டபோது இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றார். வேறுபாடு கட்டாயம் உண்டு. வாங்குபவர்கள் கடையிலேயே பிரித்துப் பார்த்து, விரலால் மூலையைத் தடவிச் சோதித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பக்கச்சுவர். முழுதும் நிரப்பினால் இதில் ஏறத்தாழ 1,350 லிட்டர் நீர் பிடிக்கும். அதாவது ஒன்றே கால் டன்னுக்கும் மேற்பட்ட எடை. விளிம்பில் குழாய் செருகும் மடிப்பு இருந்தாலும் குழாய்கள் பெட்டுடன் வருவதில்லை. மெல்லிய குழாயைச் செருகினால் நீளவாட்டில் நடுப்பகுதி வெளியே பிதுங்கி, நீர் மட்டம் இறங்கிவிடும். ஒன்றரை அங்குலப் பி.வி.சி. குழாயும், நீளவாட்டில் மூன்று அடிக்கு ஒரு முளையும் வேண்டும். இந்தச் செலவைச் சேர்த்துப் பார்த்தாலும் அதே கொள்ளளவுள்ள பைபர் தொட்டியின் விலையில் இது சிறு பகுதியே.

இடத்தைத் தேர்வு செய்வதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. மார்கழியில் சூரியன் தென்புறம் சாய்ந்து செல்வதால், நம் பகுதியில் நண்பகலில்கூட அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 56 டிகிரி உயரம்தான் ஏறுகிறது. அப்போது பத்தடிச் சுவரின் வடபக்கம் ஏழடி வரை நிழல் விழும். நான்கடி அகலமுள்ள பெட்டை வீட்டின் வடசுவரை ஒட்டி வைத்தால், குளிர்காலம் முழுவதும் அது நிழலிலேயே கிடக்கும். தென்புறம் அல்லது தென்கிழக்குத் திறப்பே ஏற்றது. தரையைச் சமன்செய்யும்போது சுக்கான் கற்களை முழுமையாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். நம் மண்ணில் அவை எவ்வளவு பொறுக்கினாலும் மீண்டும் தலைகாட்டுபவை, ஒன்றே ஒன்று போதும் அடிப்பகுதியைக் குத்திக் கிழிக்க. நான் இரண்டு அங்குல உயரத்துக்குத் தென்னை நார்க்கழிவைப் பரப்பி, அதன்மேல் பழைய சாக்குகளை விரித்திருக்கிறேன். நார்க்கழிவு பொள்ளாச்சிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. கல்லிலிருந்து பாதுகாப்பதோடு, இரவில் தரை வழியே சூடு இறங்குவதையும் அது குறைக்கிறது.

அசோலா வளர்ப்பவர்கள் வழக்கமாக விடும் ஐந்தாறு அங்குல நீர் இந்தப் பயன்பாட்டுக்குப் போதாது. ஆழம் குறைந்த நீர் பகலில் விரைவாகச் சூடேறுவதுபோலவே இரவில் விரைவாகக் குளிர்ந்தும்விடும். பத்து அங்குலம் வரை நிரப்பினால் ஏற்ற இறக்கம் தணிந்து, விடியற்கால நீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை. சாணக் கரைசலும் சூப்பர் பாஸ்பேட்டும் தீவன அசோலாவுக்குச் சரி. மீன் குளத்துக்குத் திரும்பப் போகும் செடிகளுக்கு வேண்டாம். குளத்து நீரையே பாதி ஊற்றினால் மீன் கழிவிலிருந்து வரும் சத்து போதுமானது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் ஊர்களில், ஆவியாக ஆக உப்பு செறிந்து ஆகாயத்தாமரையின் இலை ஓரங்கள் கருகும். சிறுவாணிக் குழாய் நீர் வரும் வீடுகளில், குளோரின் போக அதை ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுவது நல்லது. தேங்கிய நீர் என்பதால் கொசுப் புழுவைத் தின்ன ஐந்தாறு கப்பி மீன்கள் கட்டாயம் வேண்டும். இவை செடிக்குத் தீங்கு செய்வதில்லை.

செடிகளில் சால்வீனியாவே மிக நன்றாகத் தேறியது. ஆகாயத்தாமரை புதிய குட்டிகளை அரிதாகவே விட்டாலும் வேர் உதிராமல், நடுக்குருத்து பச்சையாகவே இருந்தது. அதே காலத்தில் குளத்தில் விட்டுவைத்தவை மஞ்சளாகிச் சுருங்கின. அசோலா செங்கல் நிறத்துக்கு மாறியது. இது குளிராலும் கடும் வெயிலாலும் பாஸ்பரஸ் குறைவாலும் வரும் நிறமாற்றம். செடி இறந்துவிட்டது என்று எண்ணி யாரும் அள்ளி எறிந்துவிட வேண்டாம், வெப்பம் ஏறும்போது பச்சை திரும்புகிறது.

கடும் பனி விழும் இரவுகளில், பசுமைக்குடில்களுக்குப் போடும் 200 மைக்ரான் ஒளிபுகும் பாலித்தீன் தாளை வளைகுழாய்களின் மேல் போர்த்துவது பயன்தருகிறது. ஆனால் காலை எட்டு மணிக்குள் அதை விலக்கிவிட வேண்டும். தாளின் உட்புறம் திரளும் நீர்த்துளிகள் சொட்டிக்கொண்டே இருந்தால், மேற்புறம் உலர்ந்திருக்க விரும்பும் ஆகாயத்தாமரை இலைகள் இரண்டு மூன்று நாளில் குழைந்துபோகும். சமவெளிக்கும் மலையடிவாரத்துக்கும் இந்த ஏற்பாடு போதும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்கும் அதைப் போன்ற மலையூர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அங்கே ஆகாயத்தாமரையைச் சாளரத்தோரத் தொட்டிக்கு மாற்றுவதே பாதுகாப்பு.

மாசியில் விடியற்கால நீர் 20 டிகிரிக்கு மேல் நிலைத்த பிறகு செடிகளைக் குளத்துக்கு மாற்றிவிட்டு, பெட்டைக் கழுவி நிழலில் உலர்த்தி, எலி எட்டாத இடத்தில் சுருட்டி வைக்கலாம். மடித்து வைத்தால் மடிப்பில் விரிசல் விடும். மிகுந்துபோகும் செடிகளில் அசோலாவை மாட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கலாம். ஆகாயத்தாமரையில் கால்சியம் ஆக்சலேட் இருப்பதால் அதையும் சால்வீனியாவையும் எருக்குழியில்தான் சேர்க்க வேண்டும். நொய்யலும் கோவைக் குளங்களும் வெங்காயத்தாமரையால் ஏற்கெனவே மூச்சுத் திணறுகின்றன. இவற்றில் ஒரு செடியைக்கூட வாய்க்காலில் விடக் கூடாது.