வரைந்த வானவில்லா, நோடில் வந்த வானவில்லா?

மழை விட்ட மாலை, கிழக்கே கருமேகம், கீழே ஏரி. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இப்படி ஒரு நிலக்காட்சி செய்தபோது அதில் வானவில் கட்டாயம் வேண்டும் என்று தோன்றியது. இரண்டு வழிகளில் செய்து பார்த்தேன். இப்போது ஒன்றோடு நின்றுவிட்டேன்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரெண்டர், அதாவது கணினி இறுதிப் படத்தை உருவாக்குவது, முடிந்ததும் ஃபோட்டோஷாப்பிலோ கிரிட்டாவிலோ வட்டக் கிரேடியன்ட் (வட்டமாகப் படிப்படியாக மாறும் நிறங்கள்) போட்டு, லேயரைக் கீழுள்ள படத்தை வெளிச்சமாக்கும் ஸ்கிரீன் மோடுக்கு மாற்றி, மரங்களுக்குப் பின்னால் போகும்படி மாஸ்க் (மறைப்பு) வெட்டுவது. அரைமணி நேர வேலை. ஒரே படம், இனி எதுவும் மாறாது என்றால் இதுவே போதும்.

இரண்டாவது வழியில் வில்லை வரையவே வேண்டாம். மழை பெய்யும் தூரத்தில் ஒரு பெரிய தட்டையான பரப்பை நிறுத்தி, வில்லின் மையத்திலிருந்து பார்வை எவ்வளவு விலகுகிறது என்ற கோணத்தை அதன் ஷேடரிடம் (பரப்பின் நிறத்தையும் ஒளியையும் முடிவுசெய்யும் அமைப்பு) விட்டுவிடலாம். ஷேடரை நோடுகளாக, அதாவது ஒன்றோடொன்று இணைக்கும் சிறு கணக்குப் பெட்டிகளாக, கட்டுகிறோம். ஜியாமெட்ரி நோடின் இன்கமிங் திசைக்கும் (பரப்பிலிருந்து கேமராவை நோக்கிய திசை) சூரியன் இருக்கும் திசைக்கும் டாட் பிராடக்ட் (புள்ளிப் பெருக்கம்) எடுத்தால் அந்தக் கோணத்தின் கொசைன் கிடைக்கும். சிவப்பு ஏறத்தாழ 42.4 டிகிரி, அதாவது 0.738. ஊதா 40.5 டிகிரி, 0.760. இடையில் ஒரு கலர் ராம்ப், அதாவது எண்ணுக்கேற்ப நிறம் தரும் நோடு. ஒளி உமிழும் எமிஷனையும் ஒளியை ஊடுருவவிடும் டிரான்ஸ்பரன்டையும் ஆட் ஷேடரில் சேர்த்தால் வில் பின்னணியை மறைக்காது, அதன்மேல் ஒளியாகக் கூடும். முதல் வில்லுக்கு வெளியே வரும் இரண்டாம் வில்லுக்கு 50 முதல் 53 டிகிரி வரை, நிறவரிசை தலைகீழாக, மங்கலாக. முதல் வில்லின் உள்பக்கம் வானம் சற்று வெளுத்தும், இரு வில்களுக்கும் நடுவே கருத்தும் இருக்க வேண்டும். படத்தை நம்பவைப்பதில் பாதி இந்த இருட்டுப் பட்டைதான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

நான் நோடு பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் திருத்த வேலை. படம் கேட்டவர் முதலில் சூரியனை 12 டிகிரி உயரத்தில் வைக்கச் சொன்னார், அப்புறம் 25 என்றார். வில்லின் மையம் சூரியனுக்கு நேரெதிரே, அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. சூரியன் ஏற ஏற வில் இறங்கும். 12-ல் வில்லின் உச்சி 30 டிகிரி உயரத்தில் நிற்கும், 25-ல் 17 தான். 42-ஐத் தாண்டினால் சமதரையில் நிற்பவருக்கு வில்லே தெரியாது. உயரம் மட்டும் மாறினாலும் பரவாயில்லை, வடிவமும் மாறுகிறது. கேமரா அடிவானத்தை நேராகப் பார்க்கும்போது, சூரியன் 25-ல் இருந்தால் படத்தில் விழுவது வட்டத்தின் துண்டு இல்லை, நெட்டுக்கு இழுபட்ட நீள்வட்டத்தின் மேல்பகுதி. வட்டக் கிரேடியன்ட்டை அங்கே எப்படி நகர்த்தினாலும் உட்காரவில்லை. மாஸ்க்கையும் மறுபடி வெட்ட வேண்டியிருந்தது. லென்ஸை மாற்றியபோது இன்னொரு முறை.

நோடில் சூரிய விளக்கின் திசையை டிரைவரால் (ஒரு மதிப்பை இன்னொன்றோடு தானாக மாறும்படி இணைப்பது) கட்டிவிட்டேன். அதன்பிறகு சூரியன் எங்கே போனாலும் வில் தானே சரியாகிக்கொண்டது. ஏரியின் அலையில் பிரதிபலிப்பும் தானாக வந்தது. கேமரா நகரும் காட்சி என்றால் வில்லும் கூடவே நகரும், நிஜத்தில் நடப்பதுபோல.

நிறத்தில்தான் இந்த முறைக்குக் குறை. சூரிய வட்டம் அரை டிகிரி அகலம் என்பதால் உண்மையான வில்லில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். ராம்பில் பளிச்சென்ற நிறங்களை வைத்தால் பொம்மைபோல் ஆகிவிடும். நான் செறிவைக் கண்ணளவில்தான் குறைத்தேன். மழைத்துளி சிறிதாகச் சிறிதாக வில் வெளுக்கும் என்பதையும் உத்தேசமாகவே செய்கிறேன்.

துளிக்குள் ஒளி முறிவதையே அலைநீளம் வாரியாகக் கணக்கிடும் ஸ்பெக்ட்ரல் ரெண்டர் மூன்றாவது வழி. லக்ஸ்கோர் என்ற ரெண்டர் மென்பொருளில் ஒரு கண்ணாடிக் கோளத்தில் நிறம் பிரிவதைப் பார்த்ததோடு சரி, முழு மழைக்கு முயன்றதில்லை. நிறத்தில் அது மற்ற இரண்டையும் மிஞ்சலாம், நேரம் எவ்வளவு தின்னும் என்று என்னால் சொல்ல முடியாது.

இப்போதெல்லாம் வில்லை மட்டும் தனி வியூ லேயரில் (தனியாக ரெண்டர் ஆகும் அடுக்கு) எடுத்துவைக்கிறேன். “கொஞ்சம் மங்கலாக” என்று கேட்டால் அடுக்குகளைச் சேர்க்கும் கம்பாசிட்டரில் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.