தோல்வியின் காரணம் எப்போது விளங்குகிறது? புதியவர் பார்வையில் நான்கு வகைப் போட்டி விளையாட்டுகள்

இணையவழிப் போட்டி விளையாட்டுகளில் புதிதாக நுழைபவருக்கு எது எளிது, எது கடினம் என்று தரம் பிரிக்கும்போது, கற்க வேண்டியவற்றின் அளவைத்தான் பெரும்பாலும் எண்ணிப் பார்க்கிறோம். எதனால் தோற்றோம் என்பது தோற்றவருக்கு எவ்வளவு விரைவில் விளங்குகிறது என்பதே என் அளவுகோல்.

அந்த அளவுகோலில் மிகக் கடினமானது, ஐவர் கொண்ட இரு அணிகள் எதிரணியின் தளத்தைத் தகர்க்க மோதும் டோட்டா 2. வீரர் தேர்ந்தெடுத்து ஆடும் பாத்திரங்களான ஹீரோக்கள் நூற்றிருபதுக்கும் மேல் காசில்லாமலே கிடைக்கின்றன. இது தாராளம்தான் என்றாலும், அத்தனை பேரின் திறன்களையும் எதிரில் சந்திக்க வேண்டியிருப்பதும் புதியவர்தான். அதைவிடப் பெரிய இடர், காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே உள்ள தூரம். முதல் பத்து நிமிடங்களில், தாமாக நடந்துவரும் சிறு படைகளான கிரீப்புகளைக் கொல்லும் கடைசி அடியைக் கொடுக்கத் தவறியதால் குறைந்த தங்கம், முப்பத்தைந்தாவது நிமிடத்தில், நம்மைவிட இரண்டு பொருள்கள் கூடுதலாக வாங்கிவிட்ட எதிரியின் கையில் நொடிப்பொழுதில் சாகும்போதுதான் தன் விலையைக் காட்டுகிறது. புதியவரோ அந்தக் கடைசிச் சண்டையில்தான் பிழை செய்ததாக நினைத்துக்கொள்கிறார். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் இதே மரபில் வந்தது. ஆயினும் தன் கிரீப்பைத் தானே கொன்று எதிரிக்குத் தங்கம் கிடைக்காமல் தடுக்கும் டினை முறை அதில் இல்லை, தரவரிசைக்காக ஆடும் ரேங்க் ஆட்டத்துக்கு முன் முப்பதாம் நிலையை எட்ட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. படிகள் சற்றே தாழ்வு, அவ்வளவுதான்.

இருவர் நேருக்கு நேர் மோதும் சண்டை விளையாட்டுகளுக்குக் கடுமையானவை என்ற பெயர் உண்டு. புதியவரிடம் அவைதான் மிகவும் நேர்மையாக நடந்துகொள்கின்றன என்பது என் உறுதியான கருத்து. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ஒரு சுற்றுக்கு 99 நொடிகள். பழி போடச் சக வீரர் எவரும் இல்லை. தாவிய ஒவ்வொரு முறையும் அடி வாங்கினால், தாவியதே பிழை என்று மூன்றாவது ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். 2023-இல் வெளியானபோதே அது மாடர்ன் என்ற எளிய கட்டுப்பாட்டு முறையையும் தந்தது. ஒரே பொத்தானில் சிறப்புத் தாக்குதல் வருகிறது. அந்த வசதிக்கு ஈடாகச் சேதம் 20 விழுக்காடு குறைகிறது. விரல் பயிற்சிக்கு வாரக்கணக்கில் காத்திராமல் முதல் நாளே தூரம், காலம், எதிராளியின் பழக்கம் ஆகியவற்றைப் பற்றி யோசிக்க இடம் தருவதால், இதைக் குறுக்குவழி என்று இகழ்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. 2024-இல் வந்த டெக்கன் 8 இன்னும் ஒரு படி மேலே சென்று, முடிந்துபோன ஆட்டத்தின் பதிவை நிறுத்தி, அதே இடத்திலிருந்து நாமே மீண்டும் ஆடிப் பார்க்கவும் வழி செய்துள்ளது.

துப்பாக்கி ஏந்திய இரு அணிகள் மோதும் கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா வகைக்கும் சண்டை விளையாட்டுகளுக்கும் நடுவே நிற்கிறது. ஓடிக்கொண்டே சுட்டால் குறி தவறும், ஏகே-47 துப்பாக்கியால் தொடர்ந்து சுட்டால் குறி மேலேறும் என்பவை எளிதில் பிடிபடும் பாடங்கள். எந்தச் சுற்றில் துப்பாக்கி வாங்காமல் ஆட்டத்தில் கிடைக்கும் பணத்தைச் சேமிக்க வேண்டும் என்பது மட்டும் யாராவது சொல்லித் தந்தால்தான் விளங்குகிறது.

காரை ஓட்டிக் கால்பந்து ஆடும் ராக்கெட் லீக் நுழைவில் மிக எளிது: கார், பந்து, கோல், ஐந்து நிமிடம். எந்தக் காரை வாங்கினாலும் கூடுதல் வேகம் கிடைப்பதில்லை. அதன் இடர் தாமதமாகவே எதிர்ப்படுகிறது. எதிராளிகள் காரை உந்தித் தள்ளும் பூஸ்ட்டைக் கொண்டு காற்றில் பறந்து பந்தை அடிக்கத் தொடங்கும் நிலையில், தரையிலேயே வென்று பழகியவர் திடீரெனத் தேங்கிவிடுகிறார். காரணம் கண்ணெதிரே தெரிகிறது. கைக்கு வரத்தான் நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடிக்கிறது. ஆகவே அதைத் தேர்ந்தெடுப்பவர், வெற்றிகள் எளிதாக வரும் தொடக்க நாள்களிலேயே தினம் சிறிது நேரத்தைத் தனிப் பயிற்சிக் களத்தில் பறந்து பழகுவதற்கு ஒதுக்கிவிடுவது நல்லது.