கைச்சூட்டுப் பை: கால்சியம் குளோரைடா, சோடியம் அசிட்டேட்டா, இரும்புத் தூளா?

ஜனவரி மாதம் டெல்லியில் காலை ஏழு மணிக்குப் பள்ளிப் பேருந்துக்காக நின்றால் கையுறைக்குள்ளேயே விரல் மரத்துப்போகும். மயூர் விஹாரில் இருக்கும் என் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் புராஜெக்ட்டுக்குக் கைச்சூட்டுப் பையை எடுத்துக்கொண்டது அதனால்தான். "சித்தி, இதுல எந்த கெமிக்கல் நல்லது?" என்று கேட்டாள். செய்து பார்க்காமல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றையும் அவர்கள் வீட்டுச் சமையல் மேடையிலேயே செய்து பார்த்தோம்.

முதலில் நீரற்ற கால்சியம் குளோரைடு. ஒரு மோல் கரைந்தால் சுமார் 81 கிலோஜூல் வெப்பம் வெளிவரும், கிராமுக்கு 0.73 கிலோஜூல். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் போட்டால் 15 டிகிரி அளவுக்கு வெப்பநிலை உயர வேண்டும். உயரவும் செய்தது. ஆனால் அன்றைக்குக் குழாய்த் தண்ணீரே 12 டிகிரியில் இருந்தது. 15 கூடினாலும் 27-தான். நம் கைத்தோலின் சூடு முப்பதுக்கு மேல். அப்புறம் அந்தப் பையைத் தொட்டால் சில்லென்று இல்லாமல் வேறெப்படி இருக்கும்? இப்படிப்பட்ட செய்முறைகள் 25 டிகிரி அறையை மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கும். கை உறைகிற இடத்தில் தண்ணீரும் உறைகிற குளிரில்தான் இருக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தண்ணீரை 40 மில்லியாகக் குறைத்தால் சூடு நன்றாக ஏறுகிறது. ஆனால் உப்பு கரைந்து முடிந்ததும் வெப்பம் வருவதும் முடிந்துவிடும். அதன் பிறகு ஆறுவது மட்டும்தான். இன்னொரு தொல்லை, இது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு மூலக்கூறு நீர் சேர்ந்துவிட்டால் கிராமுக்குக் கிடைக்கும் வெப்பம் பாதிக்கும் கீழே போய்விடும். பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் அளந்தவளுக்கு ஏன் கணக்கு உதைத்தது என்று அப்போதுதான் புரிந்தது. கையைச் சூடாக்க இதை நம்ப மாட்டேன். கரைசல் என்தால்பியை, அதாவது பொருள் கரையும்போது மாறும் வெப்பத்தை, ஒரு தெர்மோகோல் டம்ளரும் வெப்பமானியும் வைத்து அளந்து பழக இதைவிட நல்ல பொருளும் இல்லை.

சோடியம் அசிட்டேட்டில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. வினிகரும் சமையல் சோடாவும் போதும். 4 சதவீத வினிகர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 56 கிராம் சோடா. கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், நுரை பொங்கி வழியும். இந்த வினை வெப்பத்தை உள்ளே இழுப்பது. பாத்திரம் குளிர்வதைத் தொட்டே பார்க்கலாம். பிறகு சுண்டக் காய்ச்சினால் அதிகபட்சம் 90 கிராம் டிரைஹைட்ரேட் (மூன்று மூலக்கூறு நீர் சேர்ந்த) படிகம் கிடைக்கும். ஒரு லிட்டரைச் சுண்ட வைக்க நேரமும் கேஸும் நிறையப் போகும், வீடு முழுக்க வினிகர் வாடை அடிக்கும். அக்கா ஜன்னலைத் திறந்துவிட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டாள். அளவுக்கு மீறிச் சுண்டினால் வெள்ளைப் பொருக்கு தட்டும். கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சூடாக்கினால் கரைந்துவிடும்.

தெளிந்த கரைசலை ஆடாமல் அசையாமல் ஆறவிட வேண்டும். 58 டிகிரியில் உறைய வேண்டிய பொருள், அறையின் குளிரிலும் திரவமாகவே நிற்கும். இதுதான் அதிதெவிட்டிய நிலை. ஒரு துளி படிகம் பட்டதும் கண்ணெதிரே ஊசி ஊசியாக வெண்மை பரவி, பை ஐம்பது டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது. பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிய ஒரு பொடி உள்ளே விழுந்தாலும் போதும், ஆறுவதற்குள்ளேயே உறைந்துவிடும். எங்களுக்கு முதல் இரண்டு முறை அப்படித்தான் ஆனது. பையைத் திறக்காமல் உறைய வைக்க, கடையில் விற்கும் பைகளில் வருவது போன்ற வளையும் உலோகத் தகடு வேண்டும்.

இதன் அருமை கட்டுப்பாடு. எவ்வளவு வேகமாக உறைந்தாலும் 58-க்கு மேல் போகாது. 100 கிராமுக்கு 26 கிலோஜூல் வரை உள்ளுறை வெப்பம், அதாவது உறையும்போது வெளிவரும் வெப்பம், உண்டு. வெந்நீரில் போட்டு உருக்கினால் மறுபடி தயார். ஒரு கேள்விக்கு மட்டும் அவள் தயாராக இருக்க வேண்டும்: "இதில் வேதிவினை எங்கே?" உறையும்போது நடப்பது நிலைமாற்றம், திரவம் திடமாவது மட்டும்தான். நேற்று அடுப்பு கொடுத்த வெப்பத்தைத்தான் பை இன்று திருப்பிக் கொடுக்கிறது. இதை ஒளிக்காமல் சொல்கிற மாணவிக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

இரும்புத் தூள் மெதுவான ஆள். 25 கிராம் தூள், ஒரு கிராம் உப்பு, ஒரு மேசைக்கரண்டி வெர்மிகுலைட், 5 மில்லி தண்ணீர். வெர்மிகுலைட் என்பது ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள், மாடித் தோட்டத்துக்குப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். இரும்பு துருப்பிடிக்கும்போது வரும் வெப்பம் கிராமுக்கு 7 கிலோஜூலுக்கு மேல். கால்சியம் குளோரைடைப்போலப் பத்து மடங்கு. ஆனால் ஆய்வகத்தில் காந்தக் கோடு வரையும் பருத்த தூள் எடுபடவில்லை. பழைய டெல்லியின் திலக் பஜாரில் நைசான தூள் வாங்கிய பிறகுதான் சூடு ஏறியது. எவ்வளவு காற்று புகுகிறதோ அவ்வளவு வெப்பம். நெருக்கமாக நெய்த துணிப் பையில் கட்டினால் மணிக்கணக்கில் தாங்கும். காற்றுப் புகாத பையில் அடைத்தால் நின்றுவிடும். நேரடியாகத் தோலில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது.

சுட்ட சுண்ணாம்பை வைத்துச் செய்யலாமே என்றும் கேட்டாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றும்போது பானை கொதிப்பதைப் பார்த்தவர்கள் அதைக் கைக்குள் வைக்க நினைக்க மாட்டார்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வேண்டாம்.

சட்டைப் பைக்கு இரும்புதான், சந்தேகமே இல்லை. புராஜெக்ட்டுக்கு நான் சோடியம் அசிட்டேட்டைத்தான் சொன்னேன். ஒரே பையைப் பத்து முறை உருக்கி, பத்து முறை அளந்து எழுதலாம். இரும்புப் பை ஒவ்வொன்றும் தூளின் பருமனுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு மாதிரி நடக்கும், ஒரே தடவையில் தீர்ந்தும் போகும். கால்சியம் குளோரைடின் அளவீடுகள் ரெக்கார்டின் முதல் பக்கங்களுக்கு.

பள்ளிக்குக் கொண்டுபோகும் நாளில் சோடியம் அசிட்டேட் பையை மூன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பேருந்துக் குலுக்கலில் தகடு வளைந்து ஒன்று உறைந்துவிட்டாலும் இரண்டு மிஞ்சும். உறைந்ததைக் கைக்குட்டையில் சுற்றிப் பக்கத்தில் உட்காரும் தோழியிடம் கொடுக்கலாம்.