ஆறு பழைய பேய்ப்படம், ஒரு பெட்டி, 2400 ரூவா

பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட இருக்கிற பழைய டிவிடி கடையொண்டில போன கிழமை இந்தப் பெட்டியை வாங்கினனான். 1950கள், 60களில அமெரிக்காப் பெடியளைப் பிடிக்கவெண்டே சல்லிக்காசில எடுத்த ஆறு படம். பேரம் பேசிப் பாத்தன், கடைக்காரர் அசையேல்ல.

மட்டையில உடம்பெல்லாம் கண்ணோட ஒரு பூதம் நிக்குது. 'த பீஸ்ட் வித் எ மில்லியன் ஐஸ்', 1955. பத்து லட்சம் கண் எண்டு பேரை வச்சுப்போட்டு, படம் முடியிற நேரத்தில ஒரு கைப்பொம்மையைக் காட்டுறாங்கள், அதுக்கு மேல ஒரு பெரிய கண்ணும் சுழியும் வேற, பொம்மையே சரியாத் தெரியேல்ல. செஞ்சு குடுத்தவருக்கு 200 டொலராம்! எனக்குக் கடைக்காரரில கோவம் வந்திட்டுது, பிறகு யோசிச்சா அந்தாள் பாவம், இந்த மாதிரிப் படங்களை வெளியிட்ட ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்க்கொஃபும் 1954ல கொம்பனி தொடங்கினதில இருந்தே இப்பிடித்தான், முதல்ல பேர், பிறகு போஸ்டர், தியேட்டர்காரர் தலையாட்டினாத்தான் கதையே எழுதுறது. பெரியாக்கள் ரீவி வாங்கி வீட்டில குந்தீட்டினம், அப்பன்ர காரை எடுத்துக்கொண்டு திறந்தவெளித் தியேட்டருக்குப் போற பெடியள்தானே மிச்சம், அவங்களுக்கு மட்டையே காணும்.

ஆனா 'லிட்டில் ஷொப் ஒஃப் ஹொரர்ஸ்' ஒண்டுக்காகவே காசு குடுக்கலாம். 1960ல ரொஜர் கோர்மன் எடுத்தது, வேற படத்துக்குப் போட்ட செட் கிடந்திருக்கு, அதில முக்கால்வாசியை ரெண்டே நாளில முடிச்சிருக்கிறார். பூக்கடையில ஆக்களைத் தின்னுற செடி, வாயைத் திறந்து சாப்பாடு கேக்குது. பல் டொக்டரிட்ட வந்து நோகட்டும் நோகட்டும் எண்டு ஆசையோட இருக்கிற ஒரு பெடியன் வாறான், பாத்தா பிறகு பெரிய நடிகரான ஜக் நிக்கல்சன், ஆர்க்கொஃபின்ர கூட்டாளி நிக்கல்சனுக்குச் சொந்தமில்லை. அப்பா றீகல் தியேட்டரில இங்கிலீசுப் படம் பாத்து வளந்த மனிசன், "உதுக்கே 2400 குடுத்தனீ" எண்டு கேட்டுப்போட்டு அந்த சீனில என்னை விடக் கூடச் சிரிச்சவர்.

குறையும் இருக்கு. சப்டைட்டில் இல்லை. நாலாவது டிஸ்க் 20 நிமிசத்தில இறுகி நிண்டிட்டுது, 'ரீனேஜ் வேர்வுல்ஃப்' அதிலதான், பள்ளிக்கூடப் பெடியன் ஓநாயா மாற முதலே படம் நிண்டு போச்சு. கொண்டுபோய்க் காட்ட வேற செட் இல்லையெண்டு சொல்லி 300 ரூவா திருப்பித் தந்தார், முகம் சுளிக்கேல்ல. கடையிலயே ஒரு பிளேயர் கிடக்கு, வாங்கிறாக்கள் ஆறையும் அதில போட்டுப் பாத்திட்டுக் காசைக் குடுங்கோ.