பறக்கும் ஆம்புலன்ஸில் ரேடியோ: ஒரு செவிலியரின் நீண்டகால அனுபவம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மருத்துவ ஹெலிகாப்டரில் பல வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். பைலட், பாராமெடிக், நான் என மூன்று பேர். விமான நிலையங்களோடு பேசுவது பைலட்டின் பாடு. கட்டுப்பாட்டு அறை, தீயணைப்பு வீரர்கள், மருத்துவமனை ஆகியோரோடு பேச எங்களுக்குத் தனி எஃப்.எம். ரேடியோ உண்டு. நான் எழுதுவது அதைப் பற்றி.

ஒலித்தரத்தில் என் ஓட்டு பழைய அனலாக்குக்குத்தான். சிக்னல் மெலிந்தால் கரகரக்கும். ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டால் இரத்த அழுத்த எண்ணைப் பிடித்துவிடலாம். டிஜிட்டலில் குரல் சட்டென்று அறுந்துவிடுகிறது. எஞ்சின் இரைச்சல் மைக்கில் புகுந்தால் சொற்களும் குழைந்துபோகின்றன.

பெரிய தொல்லை, உயரம். 1000 அடியில் பறக்கும்போது எங்கள் குரல் நாலா பக்கமும் சுமார் 70 கிலோமீட்டர் தூரத்துக்கு எட்டும். மருத்துவமனையோடு நாங்கள் பேசும் 155.340 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையோ நாடு முழுக்க ஆம்புலன்ஸுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பொதுவானது. எஃப்.எம்மில் வலுத்த சிக்னல் இளைத்ததை அமுக்கிவிடும். கீழே ஓர் ஆம்புலன்ஸ் மாரடைப்பு நோயாளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில் நான் மேலிருந்து பொத்தானை அழுத்தினால், அவர்கள் பேச்சு மருத்துவமனைக்குக் கேட்காமலே போகலாம். அப்படி நடந்தது எனக்குத் தெரியவும் வராது. அதனால் எங்கள் ரேடியோவில் 10 வாட், 1 வாட் என இரண்டு நிலைகள் இருந்தும், பறக்கும்போது 1 வாட்டிலேயே வைத்திருக்கிறேன். அதுவே தாராளம். முதலில் சற்று நேரம் கேட்டுவிட்டு, வயது, காயம், நாடித்துடிப்பு, வந்துசேரும் நேரம் ஆகியவற்றை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். மற்ற விவரங்களைப் படுக்கையருகே சொல்லிக்கொள்ளலாம்.

மலைப்பகுதியில் கதை தலைகீழ். பள்ளத்தாக்கில் இறங்கத் தொடங்கியதும் கட்டுப்பாட்டு அறையின் குரல் மறைந்துவிடும். இறங்குவதற்கு முன்பே இடத்தைச் சொல்லிவிடுகிறோம். தரையில் சாட்டிலைட் போன்தான் துணை.

விபத்து நடந்த இடங்களில் நான் மிகவும் கவனிப்பது பேச்சின் முதல் அசையை. பொத்தானை அழுத்தியதுமே பேசினால், ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) திறப்பதற்குள் அது வெட்டுப்பட்டுவிடும். ஆங்கிலத்தில் 'இறங்காதே' என்பதில் மறுப்புச் சொல் முன்னால் வருவதால், அது மட்டும் விழுங்கப்பட்டால் 'இறங்கு' என்றே கேட்கும். ஆகவே ஆபத்து என்றால் 'அபார்ட், அபார்ட், அபார்ட்' (abort, அதாவது 'கைவிடு') என்று சொல்லும்படி பயிற்சி வகுப்புகளில் தீயணைப்பு வீரர்களிடம் வற்புறுத்துகிறோம். மின்கம்பி எந்தத் திசையில், காற்று எங்கிருந்து, தரையில் புழுதியா என்ற மூன்றும் அவர்கள் வாயிலிருந்து வந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. இரவில் கம்பங்கள் தெரிந்தாலும் கம்பி கண்ணில் படாது.

இடுப்பில் செருகும் கையடக்க ரேடியோவில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சேனல் குமிழ் மிகச் சிறியது, கையுறையோடு திருப்பினால் ஒன்றுக்கு இரண்டாக நகர்ந்துவிடுகிறது. அடுத்த கொள்முதலில் பெரிய குமிழுள்ளதை வாங்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம்.