லேபல் இல்லாத 'பருத்தி' நூல்: குரோஷே பின்னுவோர் கவனத்துக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) ஓடர் எடுக்கிறவர்கள், முக்கியமாகக் குழந்தை உடுப்புப் பின்னுகிறவர்கள், இதை வாசித்துவிட்டு நூல் வாங்குங்கள். முகநூலில் விளம்பரம் போட்டுக் கல்முனையிலிருந்து நூல் அனுப்பும் ஒருவர் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்.

ஆரையம்பதியில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்த 31ஆம் நாள் சடங்குக்குக் குழந்தைப் போர்வை கேட்டிருந்தார்கள். கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசுகிற காலம். செயற்கை நூலைப் போர்த்தினால் பிள்ளைக்கு வேர்க்குரு போடும் என்பதால் பருத்திதான் வேண்டும் என்று எழுதியே கேட்டேன். "நூற்றுக்கு நூறு பருத்தி, அக்கா" என்றார். உருண்டைகள் லேபல் இல்லாமல் வந்தன. மொத்தமாக இறக்கிய சரக்காம்.

போர்வை முடிந்து, ஓரத்தில் சிப்பி வடிவில் பின்னிய வேலையை நிமிர்த்த ஈரத்துணி விரித்து அயன் பெட்டியை வைத்தேன். துணியை எடுத்தால் சிப்பிகள் துவண்டு மினுங்குகின்றன. பருத்தி இந்தச் சூட்டை இலகுவாகத் தாங்கும். மிச்ச நூலில் ஒரு துண்டைக் கொளுத்தினேன். பருத்தியென்றால் கடதாசி மணத்தோடு எரிந்து சாம்பலாக உதிர வேண்டும். இது உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகியது. நகத்தால் நசுக்கியும் உடையவில்லை. அக்ரிலிக் என்ற செயற்கை நூல்!

போதாததற்கு, பகல் வெளிச்சத்தில் விரித்தபோது நடுவில் ஒரு பட்டை வெளிறித் தெரிந்தது. வெவ்வேறு சாயத் தொகுதி, அதாவது வெவ்வேறு தடவை சாயம் தோய்த்த, உருண்டைகளைக் கலந்து அனுப்பியிருக்கிறார். குரோஷேயில் ஊசியில் நிற்பது ஒரே கண்ணி. இழுத்தால் சரசரவென்று கழன்றுவிடும். ஆனால் நடுவைத் திருத்த வேண்டுமென்றால் அதற்கு மேல் பின்னிய அத்தனை வரிசையும் போக வேண்டும்.

பணத்தைக் கேட்டேன். "பாவித்த நூலைத் திருப்பி எடுப்பதில்லை" என்று பதில் வந்தது. பின்னாமல் நூலை வேறெப்படிப் பாவிப்பதாம்? அதன்பின் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

இப்படி அகப்பட்டவர்கள் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து விபரம் கேளுங்கள். நூலை வாங்கி 3 மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. தர மறுப்பவரிடம் நூலே வேண்டாம்.

அந்த நபர் இப்போது வேறு பெயரில் பக்கம் திறந்து, அதே மாம்பழ மஞ்சள் உருண்டைகளைப் படம் போட்டிருக்கிறார். இம்முறை லேபல் ஒட்டியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன்: 'பருத்தி' என்று மட்டும்தான் இருக்கிறது, நிறையும் இல்லை, சாயத் தொகுதி இலக்கமும் இல்லை.