கோவையா, திருச்சியா? இரண்டிலும் குடியிருந்தவரின் மதிப்பீடு

கோயம்புத்தூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் குடித்தனம் நடத்தியவன் என்பதால், எந்த ஊரில் தங்கலாம் என்று கேட்கும் உறவினர்களுக்கு, பிழைப்புக்குக் கோவை, குடித்தனத்துக்குத் திருச்சி என்றே சொல்லி வருகிறேன்.

கோவையின் தட்பவெப்பத்தைப் புகழாதவர் இல்லை. அது நியாயமான புகழ்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருப்பதாலும், தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே நேராக வந்து சேர்வதாலும், ஆடி மாதத்தில் மின்விசிறி இல்லாமலேயே உறங்க முடிகிறது. பம்பு, மோட்டார் தொழிற்சாலைகள், நூற்பாலைகள், சரவணம்பட்டிப் பக்கத்து மென்பொருள் நிறுவனங்கள் என்று வேலைக்கும் பஞ்சமில்லை. கணவன், மனைவி இருவரும் வேலை தேடும் நிலையில் இருந்தால் நான் கோவையைத்தான் சொல்வேன்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் அந்த ஊர் இல்லத்தரசிகளை வாட்டிவிடுகிறது. சிறுவாணித் தண்ணீரின் சுவைக்கு ஈடில்லை என்பது உண்மை. அணையோ கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது, மழை பொய்த்தால் விநியோகத்தின் இடைவெளி நீள்கிறது. குழாயில் நாள்தோறும் தண்ணீர் வராத பகுதிகளில், சமையலுக்கு நல்ல தண்ணீர், துணிக்கும் பாத்திரத்துக்கும் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் என்று பிரித்துத்தான் புழங்க வேண்டும். எங்கள் வீட்டில் குழாயின் வாயிலும் வாளியின் விளிம்பிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அங்கே வீடு பார்ப்பவர்கள் வாடகையைப் பேசும் முன்பே நிலத்தடித் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்று கேட்டுவிட வேண்டும்.

திருச்சியில் காவிரி, கொள்ளிடப் படுகைக் கிணறுகளிலிருந்து வரும் தண்ணீரால் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. அதைவிடப் பெரிய வசதி, ஊரின் அளவு. ஸ்ரீரங்கம், சத்திரம் பேருந்து நிலையம், தில்லைநகர், மத்திய பேருந்து நிலையம் எல்லாம் பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன; ஒன்றாம் எண் பேருந்து அடுத்தடுத்து வந்துகொண்டே இருப்பதால், வயதான பெற்றோர் துணையின்றிக் கோயிலுக்கும் மருத்துவரிடமும் போய்வர முடிகிறது. சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு விமான நிலையமும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதன் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது.

குறைகளும் உண்டு. திருவெறும்பூர்ப் பக்கத்துச் சிறு தொழிற்கூடங்கள் பல, பொதுத்துறையைச் சேர்ந்த பெல் (BHEL) நிறுவனத்தின் பணி ஆணைகளையே நம்பியிருப்பதால், ஆணை குறைந்தால் வேலையும் குறைந்து, இளைஞர்கள் வெளியூருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நகரின் நடுவே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் சாக்கடை கலப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. சித்திரை, வைகாசி வெயிலோ 40 டிகிரியைத் தாண்டும். கோவையிலிருந்து வருபவர்கள் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டை, வாடகை குறைவு என்பதற்காக எடுத்துவிடக் கூடாது.